முடிவுத்தாளில் கையெழுத்துப் போடாதே

போக்னா,

பத்து மணிக்கு அட்டையாட்டப் போட்டிச் செயலாளர் நேற்றைய காலிறுதி முடிவுத்தாளை உன்னிடம் வாங்க வருவார். கையெழுத்துப் போடாதே.

நேற்று நீ பதிலுக்குப் போட்ட அட்டையை இன்று காலைதான் எடுத்துப் படித்தேன். உன் எதிரே ஆடிய விட்டோல்ட் போட்ட மந்திர அட்டை ‘எதிராளியின் மிருகம் ஒன்றை அழி’ என்பது. உன் அட்டை அதன் இலக்கை மட்டும் மாற்றும், மந்திரம் அவனுடையதாகவே இருக்கும், ஆகவே உன் மிருகங்களில் ஒன்றுதான் சாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அட்டையிலோ ‘மந்திரத்தையே உன் வசமாக்கு, புது இலக்கைத் தேர்ந்தெடு’ என்று இருக்கிறது. மந்திரம் உன்னுடையதானால் எதிராளி விட்டோல்ட். செத்திருக்க வேண்டியது அவன் மிருகம். இன்று அரையிறுதி ஆட வேண்டியவள் நீ.

“நடுவரே, ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்” என்று கேட்டாய். “எல்லாம் மனப்பாடம்” என்றேன். இரவு வீட்டில் சாப்பிடும்போதும் “நடுவர் ஐயா, அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க” என்றாய். தள்ளினேன்.

தலைமை நடுவரைப் பார்க்கப் போகிறேன். நீ கையெழுத்துப் போடாதவரைதான் அவரால் தீர்ப்பை மாற்ற முடியும்.

புளிப்புக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது, முட்டை வேகவைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு அரங்குக்கு வா.

கோர்னெல்

செயலாளர் அவசரப்படுத்துவார். “நடுவர் தப்பாச் சொல்லிட்டார்” என்று சொல். எந்த நடுவர் என்று கேட்டால் என் பேரைச் சொல்.