ஜே. எம். என்ற இரண்டு எழுத்து

அடியே,

இன்றைக்குத்தான் உன் ஊசிப்பெட்டியைத் திறந்தேன். கற்பூரமும் பழைய பட்டுநூலும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. செத்தவளோடு என்ன கோபம் என்று கேட்காதே. உன்னோடு இல்லை, அவனோடு.

எழுபத்துமூன்றில், மெல்பேர்ன் கிளென் வேவர்லியில், நம் வீடுகளுக்கு நடுவே ஒரு பலகை வேலிதான். பழம்பொருள் கடைக்காரி ஒருத்தி இற்றுப்போன தையல்களைத் திருத்த உன்னிடம் தருவாள். அந்தமுறை வந்தது, இங்கிலாந்தில் குவேக்கர் சபைப் பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி நூற்றைம்பது வருடத்துக்கு முன் தைத்துப் பழகிய துணி. நடுவில் வளையத்துக்குள் புறாச்சோடி. சுற்றிவர எட்டுமூலைப் பூவட்டங்கள். ஓரத்து வட்டங்கள் பாதியோடு நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஆங்கில எழுத்து.

"கூடப் படிச்ச பிள்ளையளின்ர பேரெழுத்தடி. அந்தச் சபைக்காரர் சண்டையே கூடாதெண்ட சனம்," என்றாய். நூல் விட்டுப்போன ஒரு எழுத்துச்சோடியை அதே நிறப் பட்டால் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாய். ஜே. எம்.

அதைத்தான் உன் புருஷன் கண்டான். பின்னேரம் வேலையால் வந்ததும் வராததுமாக, "ஆரடி இந்த ஜே. எம்.?" என்று அவன் கத்தியது வேலிக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்டது. அது அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பெட்டை ஒருத்தியின் பேரெழுத்து என்று நீ சொன்ன பதிலும் கேட்டது. அவன் நம்பவில்லை. "எப்பவோ செத்த வெள்ளைக்காரப் பெட்டைக்கு நீ ஏன் புதுநூல் போடுறாய்? இதை நம்ப எனக்கென்ன விசரே?" பிறகு நீ இருந்து தைக்கிற கதிரை உடைந்தது.

குசினிக் கதவால் ஓடிவந்தேன். உன் தலைமயிரைக் கையில் சுற்றி, முகத்தை மேசையில் மோதிக்கொண்டிருந்தான். புறாக்களின் மேல் உன் இரத்தம். அறுவான், படித்த எஞ்சினியர்! மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அவன் புறங்கையில் இறக்கினாய். உடைந்த பல்லைத் துப்பிவிட்டு, "இனித் தொட்டால் கழுத்திலை இறக்குவன்," என்றாய். அவன் திரும்பப் பாய்ந்தான். அடுப்பில் கொதித்த சோற்றுப்பானையை அவன்மேல் கவிழ்த்தவள் நான். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

அடுத்தநாளே உன்னைச் சிட்னி ரயிலில் ஏற்றினேன். வீங்கிய வாயோடு நீ கவலைப்பட்டது அந்தத் துணிக்காக: "பச்சைத்தண்ணியிலை ஊறவிட்டால் இரத்தம் போகும். கழுவிக் கடைக்காரியிட்டைக் குடு." அங்கே லிட்கமில் அறை எடுத்து, ஆஸ்பத்திரியில் வேலை எடுத்து, ஆறு வருடம் ஒருவனுக்கும் பயப்படாமல் சீவித்தாய். புற்றுநோய்க்கு மட்டும்தான் தோற்றாய்.

உன் செத்தவீட்டுக்கு அவனும் வந்தான். பெட்டிக்குள் கிடந்த உன் முகத்தை அவன் பார்க்கவேயில்லை. வந்திருந்த ஆம்பிளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு என் காதோரம் குனிந்தான்.

"அக்கா, இனியாவது சொல்லுங்கோ. ஆர் அந்த ஜே. எம்.? வந்திருக்கிறானோ?"

அத்தனை சனத்துக்கும் முன்னால் செவிட்டைப் பொத்தி ஒன்று விட்டேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். உன் பெட்டிக்கு முன்னால் கை நீட்டியதற்கு என்னை மன்னித்துக்கொள்.

மெல்பேர்ன் திரும்பி மூன்று நாளாகிறது. உள்ளங்கை இன்னும் காந்துகிறது. அது ஆறவே கூடாது என்றுதான் இருக்கிறது எனக்கு.