நகராத நீலப் புள்ளி

பிப்ரவரி 11, இரவு

ஐம்பத்தாறு வயதில் மனைவியின் போனைத் திருடிக்கொண்டு குளியலறைக்குள் ஒளிகிறேன். மகள் மைதிலி ஜப்பானில் ஓர் எரிமலைத் தீபகற்பத்தின் கரையோரமாக நான்கு நாள் தனியாக நடக்கிறாள். அவள் இருக்குமிடத்தை மேப்பில் காட்டும் நீலப் புள்ளியை அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறாள். தீபாவளியிலிருந்து என்னோடு பேச்சில்லை. என் வாய் அப்படி.

இன்று காலையிலிருந்து புள்ளி ஒரு பாறை முனையிலேயே நின்றது. அதற்குக் கீழே கடல்தான். பத்து மணிக்குப் பார்த்தேன், மதியம் பார்த்தேன், அசையவில்லை. கபாலிக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

"ஏன்னா, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டேளா?" என்று கமலா கதவைத் தட்டினாள். வயிறு சரியில்லை என்று புளுகினேன்.

சாயங்காலம் துணிந்து என் போனிலிருந்தே மைதிலியைக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டாள்.

"என்னப்பா?"

"புள்ளி நகரவே இல்லையேம்மா..."

"நாள் பூரா நடந்து கால்ல கொப்புளம்ப்பா. இப்பதான் ரூமுக்கு வந்தேன். அம்மாவுக்கு மேப்பைத் திறக்கவே தெரியாது. நீ திருட்டுத்தனமா பார்ப்பேன்னுதான் அனுப்பினேன்."

அரைமணி நேரம் பேசினோம். அங்கே கடற்கரைப் பாறையெல்லாம் தீய்ந்த பால் பாத்திரத்தின் அடி மாதிரி கறுப்பாம். தீபாவளிப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமோ என்னவோ.

கமலாவின் போனில் நெட் பேக் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது.