துரையின் கீரையில் நான் கலந்த சுண்ணாம்பு

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு, சித்தப்பா தாணுலிங்கம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. திருச்செந்தூரான் புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் உனக்கும் ஒரு குறை வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். துரை எப்படி இருக்கிறான் என்றுதான் நீ முதலில் தேடுவாய். உயிரோடு இருக்கிறான். மற்றதைப் போனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பேப்பரும் பேனாவும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். துரைக்குச் சுண்ணாம்பு கலந்து கொடுத்தது உன் சித்தி இல்லை. நான். செவ்வாய்க்கிழமை போனில் நீ அவளை ஏசின ஏச்செல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது.

நீ சென்னையிலிருந்து துரையைக் கூண்டும் பல்புமாகக் கொண்டுவந்து, சித்தப்பா, இகுவானா நம்ம ஊர் ஓணான் மாதிரி பூச்சி தின்னாது, இலைதழைதான் அதுக்குச் சோறு என்று சொல்லி விட்டுப்போன நாளிலிருந்து அவனை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று தெருவே சொல்லும். கடை திறக்கும் முன்னால் ஸ்கூட்டரில் ஆத்தூர் வாய்க்கால் கரைக்குப் போய்க் கானாவாழையும் மூக்கிரட்டையும் பறித்து வருவேன், மருந்தடித்த வயல் பக்கம் போகாதீங்க என்று நீ சொன்னதை மறந்ததே இல்லை. வீட்டுச் செம்பருத்தியில் பூ, முருங்கையில் கொழுந்து, வேலியில் சங்குப்பூ, எல்லாம் கழுவி நறுக்கித்தான் வைப்பேன். அரளியும் எருக்கும் அவன் கண்ணில்கூடப் படவில்லை. வால் மட்டும் ஐந்தடி வளர்ந்துவிட்டது. சரி, மூன்றடி. கருப்பட்டி வாங்க வருகிறவர்களிடம் அவனைப்பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவந்தேன். துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவர் வீடு தேடி வந்து பார்த்துவிட்டு, எங்கள் தேசத்திலேயே இப்படி ஒரு உருப்படி கிடையாது என்று சொன்னதாகச் சொன்னேன். கேப்டனும் வரவில்லை, அந்தக் கப்பல் சமையல்காரனும் வரவில்லை. பக்கத்து மளிகைக்கடை பவுல் மட்டும், அண்ணாச்சி, அந்தக் கேப்டனுக்குத் தமிழ் நல்லா வருமோ என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

இலைமேல் தூவச்சொல்லி நீ வைத்துப்போன கால்சியம் பவுடர் போன மாதமே தீர்ந்துவிட்டது. ஆர்டர் போடட்டுமா என்று நீ கேட்டபோதெல்லாம் இருக்கிறது இருக்கிறது என்றேன். ஏனென்றால் அதற்குள் பவுலிடம் வாயை விட்டிருந்தேன், ஏலே, கால்சியம்னா என்ன, சுண்ணாம்புதானே, சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற கடற்கரையில உக்காந்துக்கிட்டு அதை டப்பாவுல வாங்கணுமாக்கும் என்று. அப்படிச் சொன்னபிறகு பார்சல் வந்து இறங்கினால் அவன் முன்னால் நான் எப்படி நிற்பது. திங்கட்கிழமை காலையில் சித்தி குளிக்கப் போனபோது, முருங்கைக் கொழுந்தையும் சங்குப்பூவையும் நறுக்கி, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை இரண்டு விரல் நிறைய வழித்துப் போட்டுப் பிசைந்து வைத்தேன். துரை பசியில் நாலு வாய் எடுத்தான். அப்புறம் தலையை உதறினான், வாயைக் கூண்டுக் கட்டையில் போட்டுத் தேய்த்தான், எச்சில் ஒழுகியது. நான் சித்தியைக் கூப்பிட்டு, ஏளா, ருசி தாங்காம ஆடுதான் பாரு என்றேன். மத்தியானத்துக்குள் வாய் வீங்கி, மூட முடியாமல் கிடந்தான், கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை.

பழக்கூடையில் துண்டு விரித்து அவனைப் படுக்கவைத்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆடும் நாயுமாக வந்திருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து வந்து கூடையைச் சுற்றிக்கொண்டார்கள். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்துவிட்டு என்ன கொடுத்தீங்க என்று கேட்டார். சுண்ணாம்பு என்றேன். அதுல வாய் வெந்துபோகும்னு தெரியாதா என்றார். ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், கூட ரெண்டு பாக்கும் வச்சுக் குடுத்தியளா அண்ணாச்சி என்றார், கொல்லென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என் நாக்கு புரண்டுவிட்டது. நான் இல்லம்மா, வீட்டுல இவதான் தெரியாம கலந்துட்டா, படிக்காதவ என்று சித்தியைக் கைகாட்டிவிட்டேன். அவள் பத்தாவது பாஸ். டாக்டரம்மா அத்தனை பேர் முன்னால் அவளை ஏசிவிட்டு, எவ்வளவு கலந்தீங்க என்று கேட்டார். அவளுக்கு எப்படித் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசி நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தேன். துளியூண்டுதாம்மா என்று அவளாகவே சொன்னாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் பேசினது ஒரே பேச்சு, கூடை ஆடாமப் பிடிங்க.

மறுநாள் உன் போன் வந்தபோது நான் எடுப்பதற்குள் அவள் எடுத்து, நான்தான் தாயி கலந்துட்டேன் என்று சொல்லிவிட்டாள். இனிமே அவன் கூண்டைத் தொடாதீங்க சித்தி என்று நீ கத்தினது எனக்கும் கேட்டது. ஏன் அப்படிச் சொன்னே என்று பிறகு கேட்டேன். இந்த உலகத்துல நீங்க சொல்லுதத நம்புத ஒரே ஆளு அந்தப் புள்ளதான், அதையும் கெடுக்கச் சொல்லுதியளா என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை நானே டாக்டரம்மாவிடம் போய், கலந்தது நான், இரண்டு விரல் நிறைய என்று சொன்னேன். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அதையும் ஒளிக்கவில்லை. அன்னைக்கே சொல்லியிருந்தா வயித்துக்கும் சேர்த்து மருந்து கொடுத்திருப்பேனே, ரெண்டு நாள் வீணாப்போச்சே என்றார். இப்போது மருந்து நடக்கிறது. கீரையைக் கூழாக அரைத்து ஊசிக்குழலில் வாயில் விடச் சொல்லியிருக்கிறார், உள்ளே இறங்கினால் பிழைத்துக்கொள்வான், இறங்காவிட்டால் சொல்வதற்கில்லை என்கிறார். பவுடரும் வந்துவிட்டது. பவுல் இன்னும் சித்திதான் கலந்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், நாளைக் காலை கடை திறந்ததும் அவனிடமும் சொல்லிவிடுவேன்.

நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே, காதில் குளிர் ஏறாமல் துணி கட்டிக்கொள். உடன்குடியிலிருந்து சுக்குப் போட்ட புதுக் கருப்பட்டி வந்திருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். என்னிடம் நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அது நியாயம். ஆனால் தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை என்று இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன், கிடைத்த உடனே சித்திக்குப் போன் போடு. என் கையைக் கண்டாலே துரை வாயை இறுக்கிக்கொள்கிறான், விடுகிற கூழில் பாதியைத் துப்பிவிடுகிறான். நேற்று அவள் நிலைப்படியில் நின்று, துரை, என்ன அய்யா என்று கேட்டதற்குத் தலையைத் தூக்கிப் பார்த்தான். அதைப் பார்த்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள், கிட்டே வரவில்லை. நீ தொடாதே என்று சொன்ன கூண்டு அது, நான் எவ்வளவு கெஞ்சினாலும் திறக்கமாட்டாள். நீதான் திறக்கச் சொல்ல வேண்டும். இதில் நான் கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை தாயி.

முருகன் உனக்குத் துணை இருப்பான். சித்திக்குப் போன், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
தாணுலிங்கம்