கொட்டிலிலிருந்து அறிவியல்

ஜனவரி 11, 2021. திங்கள்

ஊரடங்கில் பள்ளியை மூடிவிட்டார்கள், இன்று முதல் வீட்டிலிருந்து பாடம். முதல் வகுப்பிலேயே இணைப்பு பலமுறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, "எதுவரை கேட்டது?" என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர்.

பள்ளி இருக்கும் ஸ்லைகோ நகரில் என் அறையில் இருந்திருந்தால் இணைப்பாவது நன்றாக இருந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு வந்தவள் அப்பாவைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் இங்கே மலையிலேயே தங்கிவிட்டேன். அம்மா போனபின் அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. எழுபத்தாறு வயது. சொல்லிக்கொள்ள ஒன்பது பசுக்கள், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது கேட்டார்: "காலையிலேர்ந்து யார்கிட்டம்மா பேசிட்டிருந்த?"

"பிள்ளைங்ககிட்டப்பா."

"ஒருத்தரும் பதிலே பேசலியே?"

ஜனவரி 14

ஊதா முட்டைக்கோஸை வேகவைத்துச் சாறு எடுத்தேன். வினிகர் விட்டால் சிவக்கும், சமையல் சோடா போட்டால் பச்சையாகும். பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மேசை மேல் ஏறாத குறையாக முண்டுவார்கள். இன்று கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்து, "தெரியுதா?" என்றேன். யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகும் ஒரு பெயர் மட்டும் போகவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். எதையோ கேட்கத் தயங்குகிறாள் என்று காத்திருந்தேன். ஆளே இல்லை. கணினியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜனவரி 15

பதினொரு பேர். இருபத்தாறில்.

ஜனவரி 20

மாட்டுக்கொட்டில் மேட்டில் இருப்பதால் அங்கே அலைபேசிக்கு முழு இணைப்பு கிடைக்கிறது! இரண்டு பீப்பாய், மேலே ஒரு பலகை, அதுதான் என் மேசை. கம்பளிக்கு மேல் கம்பளி. அழுத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பசு நீளமாகக் கத்தியது. கில்லியனின் கட்டத்திலிருந்து குரல் வந்தது:

"மிஸ், அந்த மேடம் ரொம்ப நேரமா கை தூக்கிட்டிருக்காங்க. அவங்களையும் பேச விடுங்க."

சிரித்தார்கள். விடுமுறைக்குப் பின் நான் கேட்கும் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது — குளிர்தான், வேறென்ன.

ஜனவரி 22

எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்காக இல்லை என்று தெரியும். வைக்கோல் போட வந்த அப்பாவிடம் மாட்டின் பெயர் கேட்டார்கள். "இவளா? பெகீன். நிறைமாசம்" என்றார். அதற்குமேல் அவரை நிறுத்த முடியவில்லை. மாடு எப்படி அசைபோடுகிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். பாதி தப்பு. நான் திருத்தவில்லை.

ஜனவரி 29

அப்பா சவரம் செய்துகொண்டு, ஞாயிறு பூசைக்குப் போடும் கோட்டோடு கொட்டிலுக்கு வந்தார்.

"என்னப்பா இது?"

"பிள்ளைங்க பாக்குறாங்கல்ல."

இரண்டு தட்டு சாப்பிட்டார் இன்று.

பிப்ரவரி 5

அடுத்த பாடம் இனப்பெருக்கம். பெகீன் கன்று போடுவதைக் காட்டலாமே என்று அப்பாதான் சொன்னார். தலைமையாசிரியை டூஹியிடம் கேட்டேன். "அருமையான யோசனை டெர்வ்லா. பெற்றோருக்கு மட்டும் ஒரு வரி எழுதிடுங்க" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

பிப்ரவரி 10, காலை

பெகீனுக்கு வலி கண்டுவிட்டது. செய்தி அனுப்பினேன். எல்லோரும் வருகிறார்கள்.

பிப்ரவரி 10

கன்று செத்துப்போச்சு. எழுத முடியல.

பிப்ரவரி 11

எழுதித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பனிக்குடம் உடைந்தது. கால் வரவேண்டிய இடத்தில் கால் வரவில்லை. அப்பா கோட்டைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "வாலுதான் முன்னாடி இருக்கு."

"டாக்டரைக் கூப்பிடவாப்பா?"

அவர் அலைபேசியைப் பார்த்தார். முதல்முறையாக எல்லாக் கட்டங்களிலும் முகங்கள். சிலருக்குப் பின்னால் அவர்களுடைய அம்மாக்களும் நின்றிருந்தார்கள்.

"இதைவிட மோசமானதெல்லாம் பாத்திருக்கேன். கொஞ்சம் பொறு." அப்புறம் திரையைப் பார்த்து, "பயப்படாதீங்க பிள்ளைங்களா."

போன வருடம் இதைவிடச் சின்னச் சிக்கலுக்கெல்லாம் மருத்துவரைக் கூப்பிட்டவர். எனக்கு அது தெரியும். அலைபேசி என் கையில்தான் இருந்தது. ஏன் கூப்பிடல? வகுப்பை அணைச்சாத்தானே கூப்பிட முடியும். அந்த முகங்களை அணைக்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். வேற காரணம் தேடிப் பார்த்துட்டேன், இல்ல.

ஒருவழியாகக் கால்களைத் திருப்பிக் கயிறு கட்டி இழுத்தார். பெகீன் கத்திய கத்தல்... கன்று விழுந்தது. மூக்கைத் துடைத்தார். வைக்கோலால் மூக்குக்குள் குத்தினார். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிக் கதவின்மேல் தலைகீழாகப் போட்டார். தேய்த்தார். வாயை வைத்து ஊதினார்.

"மிஸ், அது எப்ப எழுந்திரிக்கும்?" ஓர்லாவின் குரல்.

அப்பா வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் திட்டினார் — கடவுளை, மாட்டை, தன் கையை. அப்புறம் அழுதார். "நோரா... நோரா..." என்று அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். அம்மாவின் சாவுக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் அசையாமல் நின்றேன். கையில் எதைப் பிடித்திருக்கிறேன் என்பதே மறந்துபோய் நின்றேன். யாரோ ஒரு தாய் கத்தினாள்:

"டீச்சர், முதல்ல அதை அணைங்க!"

பிப்ரவரி 13

யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அப்பா "பயப்படாதீங்க" என்பதையும், அடுத்த நொடியே அழுவதையும் ஒட்டி, பின்னால் ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார்கள். கீழே கண்டவனெல்லாம் எழுதுகிறான். மாடு வளர்க்கத் தகுதியில்லாத கிழவனாம்.

அப்பாவுக்குத் தெரியாமல் இருந்துவிடும் என்று நினைத்தேன். பக்கத்து நிலத்துப் பேக்கி வந்து, "மலாக்கி, எவனோ உன்னை வீடியோல போட்டிருக்கான், பாத்தியா?" என்று காட்டிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, கோபத்தில். அப்பா வாங்கி இரண்டு முறை பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"நோரா பேரையும் போட்டிருக்கானுங்க."

பிப்ரவரி 16

டூஹி பேசினார். மூன்று பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு பெண் தூங்குவதே இல்லையாம். "உங்க மேல தப்புன்னு நான் சொல்லல டெர்வ்லா. ஆனா இனிமே நேரடி வகுப்பு வேணாம். பயிற்சித்தாள் மட்டும் அனுப்புங்க."

அருமையான யோசனை என்று சொன்ன வாய். நான் அதை நினைவுபடுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

பிப்ரவரி 24

பயிற்சித்தாள் அனுப்பினேன். நான்கு திரும்பி வந்தன.

மார்ச் 2

பெகீன் இன்னும் கத்துகிறாள். அப்பா கொட்டிலுக்குப் போகிறார், போட வேண்டியதைப் போடுகிறார், வருகிறார்.  அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீ என்னம்மா பண்ணுவ. நான்தான் கோட்டு மாட்டிட்டு வந்தேன்."

இதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

மார்ச் 13

பசுக்களை விற்றுவிட்டார், ஒன்பதையும். என்னிடம் கேட்கவில்லை. லாரி வந்து நின்றபிறகுதான் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அவரே ஏற்றினார். பெகீன் ஏற மறுத்து நின்றாள். பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

ஏப்ரல் 12

பள்ளி திறந்தது. முகக்கவசங்களோடு இருபத்தாறு பேர். ஓர்லா உயரமாகிவிட்டிருக்கிறாள். விட்ட பாடத்தைத் தொடவில்லை. மின்சுற்றுக்குப் போய்விட்டேன். மின்கலம், கம்பி, சின்ன விளக்கு. நன்றாகவே நடத்தினேன் என்று நினைக்கிறேன். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும்தான்.

மணி அடித்தபின் கில்லியன் மேசையருகே நின்றான்.

"மிஸ், உங்க அப்பா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கப்பா."

ஏதோ சொல்ல வந்தான். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 18, ஞாயிறு

நேற்றே வீட்டுக்கு வந்தேன். நிலத்தைப் பேக்கிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார் அப்பா. ஜன்னல் வழியே பார்த்தால் பேக்கியின் மாடுகள்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேக்கி ஓடி வந்தார், முழங்கைவரை ஈரம்.

"மலாக்கி, சீக்கிரம் வாய்யா. கன்னு தலை மடங்கிக் கெடக்கு. எனக்குப் பிடி கிடைக்கல."

எத்தனை முறை இந்தக் கதவை இப்படித் தட்டியிருக்கிறார்கள். பாதிச் சாப்பாட்டில் அப்பா எழுந்து ஓடுவார். அம்மா தட்டை அடுப்பின் ஓரத்தில் மூடி வைப்பாள்.

அப்பா எழவில்லை. உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரைக் கூப்பிடு."

"ஞாயித்துக்கிழமைய்யா! அவர் வர ஒரு மணி நேரம் ஆகும்."

"அப்ப ஒரு மணி நேரம் ஆகும்."

பேக்கி என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய் அலைபேசியில் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். பேக்கி போய்விட்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது, மேட்டிலிருந்து மாட்டின் சத்தம் கேட்டது. அப்பா இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.