சுவரில் தட்டி வைத்த சுரை விதை

வேப்பந்தட்டை
9.10.2004

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஜபல்பூரில் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று படித்ததும் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை, மோசம் என்றும் எழுத முடியாது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, என் தோளைப் பிடித்துக்கொண்டு கொல்லை வரை வருகிறாள். வலது கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சில் ஒன்றிரண்டு சொல் வருகிறது, மீதியை நான்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் நூறு தடவை அமுக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னாரே, அதை அவள் ஆடி மாதத்திலிருந்து தொடுவதே இல்லை. அவங்க மனசு வச்சாத்தான் கை வரும், அதுக்கு மருந்து என்கிட்ட இல்லைங்க என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நீ பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அம்மா ஏன் பயிற்சி செய்யவில்லை என்று கேட்கிறாய். அந்தக் கூடத்தில் நாலு பேர் காதுபட நான் என்ன சொல்வேன். காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொல்லை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்குக் கொல்லை என்பது காலையில் பல் விளக்கப் போகிற இடம், அவ்வளவுதான். அதில் இவ்வளவு வேலை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. விடிந்ததும் இருபது குடம் இறைக்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் கீழே கிடப்பதால் கயிறு கையை அறுக்கிறது. ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவினால்தான் இலையில் ஒட்டும், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டால் வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கிவிடுகிறது. இப்போது நாலு தூறல் விழுந்ததும் முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. கோலில் துணி சுற்றிக் கொளுத்திக் காட்டினேன், பூச்சி பாதி செத்தது, பாதி என் கழுத்தில் விழுந்து இரண்டு நாள் தடித்துக்கிடந்தது. வேலி ஓட்டை வழியாக மேலத்தெரு ஆடு வந்து வெண்டையை மொட்டையடித்துவிட்டது. முள் வெட்டி அடைத்தால் வேறு ஓட்டையில் வருகிறது. டிக்கெட் எடுக்காமல் ஏறுகிற ஆட்கள் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், இந்த ஆட்டை என்னால் இறக்கிவிட முடியவில்லை. சோறு பொங்கி, அம்மாவுக்கு ஊட்டி, துணி துவைத்து, பிறகு இதெல்லாம். இடுப்பு விட்டுப்போகிறது மலர். சில நாள் கிணற்று மேடையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன், யாராவது வந்து எழுந்திரு என்று சொன்னால் தேவலாம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வருஷா வருஷம் மாசியில் சுரை, பரங்கி, பீர்க்கு விதைகளை எடுத்துச் சாணத்தில் பதித்து, வரட்டி மாதிரி சின்னச் சின்னதாகக் கொல்லைச் சுவரில் தட்டி வைப்பாள். பூச்சி அண்டாமல் ஆடி வரைக்கும் அப்படியே இருக்குமாம். இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வைகாசியில் நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டு ரயிலேறினாயே, அதற்கு மறுநாள் விறகு தீர்ந்துவிட்டது. அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். சுவரைப் பார்த்தேன், அடுப்பில் வைக்கத் தோதாகச் சின்னதாகத் தட்டியிருக்கிறாளே என்று அவளை மெச்சிக்கொண்டே பெயர்த்து எடுத்து எரித்தேன். ஏழு நாளில் சுவர் காலியாகிவிட்டது. ஆடி பிறந்ததும் அவளைக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன், இடது கையை நீட்டி அந்தச் சுவரையே காட்டினாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பால்காரன் பாவாடைதான், என்னண்ணே வெதயக் காணோம், அக்கா எப்பவும் இங்கனதான தட்டி வச்சிருக்கும் என்று கேட்டான். நான் எரித்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவள் காது கேட்கவே சொன்னேன்.

மறுநாளே பஸ் ஏறிப் பாடாலூருக்கு உன் சித்தி செங்கமலத்திடம் விதை கேட்டுப் போனேன். நான் எதுக்கு மச்சான் எடுத்து வைக்கணும், வருசா வருசம் அக்காதான குடுத்துவிடும் என்றாள். நம் தெருவிலும் கேட்டேன். எல்லாரும் அவளிடம் வாங்கி ஊன்றியவர்கள், ஒருத்தரிடமும் ஒரு விதை இல்லை. கல்யாணமாகி வரும்போது அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த சுரை அது, என் அடுப்போடு போய்விட்டது. கடைசியில் பெரம்பலூரில் பாக்கெட் விதை வாங்கி வந்து பதினெட்டாம் பெருக்கு அன்று ஊன்றினேன். உன் விதைதான் என்று அவளிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையிலிருந்த பந்தைக் கீழே போட்டாள். அன்றோடு பயிற்சியும் நின்றது, சாப்பாடும் பாதியானது.

போன வியாழக்கிழமை சுரைப் பந்தலில் பிஞ்சு ஒன்று பெருத்துக் கண்ணில் பட்டது. நம் சுரை கை நீளத்துக்குத் தொங்கும், இது கழுத்தே இல்லாமல் குண்டாக இருந்தது. நான் ஓர் இலையை இழுத்து அதன் மேல் கட்டி மறைத்தேன், என் கூத்தை என்னவென்று சொல்ல. அவள் வந்து உட்கார்ந்ததும் நேராக அந்த இலையைத்தான் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பந்தலடியில் அவள் காலண்டை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், எரித்ததை, பொய் சொன்னதை, பாடாலூர் போய் வந்ததை. அழுதும்விட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவள் வெகு நேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, தெரியும் என்றாள். எப்படி என்றேன். வாசம் என்றாள். பிறகு துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துப் புரிந்துகொண்டேன். அந்த ஏழு நாளும் கட்டிலில் கிடந்தபடி, சாணத்துக்குள் விதை கருகுகிற வாசத்தில் என்ன எரிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கத்துவதற்கு நாக்கு வரவில்லை, எழுந்து வரக் கால் வரவில்லை. நான் எரித்தது அவளுக்குப் பெரிதாக இல்லை, வாய் இருந்தும் நான் பொய் சொன்னதுதான் பொறுக்கவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் அவளுக்கு நான் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியது அந்த ஏழு நாளில்தான் முதல் தடவை, அதிலும் சூடு போதுமா போதுமா என்று பெருமையாக வேறு கேட்டிருக்கிறேன். அவள் இடது கையை என் தலையில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திரட்டி, வெந்நி நல்லா இருந்துச்சுங்க என்றாள்.

அன்றைக்குச் சோற்றை மிச்சம் வைக்கவில்லை. பந்தை இன்னும் தொடவில்லை. போனில் அவளைப் பற்றிக் கேள், பயிற்சியைப் பற்றி மட்டும் கேட்காதே, அது எங்கள் இருவருக்குள் தீர வேண்டியது. பேரனுக்கு அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடி பள்ளிக்கூடம் அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நோய் நொடி அண்டாமல் மூவரும் நல்லா இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு
உன் அப்பா
அரியமுத்து