மூன்று சிவப்புக் குமிழ்கள்

வுட்ஸ் ஹார்பர்,
நவம்பர் 16, திங்கட்கிழமை.

அன்புள்ள வெண்டலுக்கு,

மார்லீன் எழுதுவது. நான் நலம், பூனை நலம், கூரை இந்த மழைக்குத் தாங்கியது. உன் நலத்தை உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்று வார்டு நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உப்பில்லாத சூப்பைத் திருப்பி அனுப்பினாயாமே! நெஞ்சைத் திறந்து மூடியவர்கள் சொல்வதைக் கொஞ்சம் கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். இந்த உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது. இந்தப் பருவத்துக்கு மட்டும் உனக்குப் பதிலாக நம் மகள் ட்ரீனா படகை ஓட்டலாம் என்று மீன்வளத் துறைக்குக் கொடுக்க வேண்டிய தாள். டாக்டர் தன் பகுதியை நிரப்பிவிட்டார். உன் கையெழுத்துதான் பாக்கி. சிங்கி இறால் கூண்டுகளைக் கடலில் இறக்கும் நாள் முப்பதாம் தேதி. போன வாரம் இதைக் கேட்டதற்கு, "அந்தப் படகு என் கைக்குத்தான் ஸ்டார்ட் ஆகும். கரையே தெரியாத எடத்துல நின்னு போச்சுன்னா அவ என்ன பண்ணுவா?" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

நீ சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வந்து ட்ரீனாவிடம் அப்படியே சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. "அப்பா சொல்றது சரிதான். ஆனா அது படகோட குணம் இல்லம்மா, அந்தப் பழைய ஸ்விட்சோட குணம்" என்றாள். உன் வட்ட பேட்டரி ஸ்விட்சை நாள் முழுக்க 'இரண்டும்' என்ற இடத்திலேயே வைத்திருப்பாயே, ரெண்டு பேட்டரி சேர்ந்தால்தான் பலம் என்று. ரேடாரும் விளக்கும் ரேடியோவும் சேர்ந்து இரண்டையும் உறிஞ்சிவிட்டால் எஞ்சினைக் கிளப்ப எது மிஞ்சும்? மார்ச் மாதம் உன்னையும் படகையும் கயிறு கட்டி இழுத்து வந்ததை ஊரே பார்த்தது. எஞ்சின் ஓடும்போதே குமிழை 'அணை' வழியாகத் திருப்பி, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எரித்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே ஸ்விட்சை மாற்றிவிட்டோம். நர்ஸ் அருகில் இருந்தால் நல்லது.

யார்மத் நகரின் படகுச் சாமான் கடைக்கு இருவரும் போனோம். கவுண்டரில் இருந்தவன் என்னைப் பார்த்து, "வாங்க, வீட்டுக்காரரு என்ன வாங்கிட்டு வரச் சொன்னாரு?" என்றான். "வீட்டுக்காரரு ஒண்ணும் வாங்க வேணாம்னு சொன்னாரு, அதான் வந்தோம்" என்றேன். அவன் மலிவாக ஒன்றை எடுத்து நீட்டினான். ட்ரீனா கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஸ்டார்ட்டர் தகட்டில் இருந்த எண்களைக் குறித்து வந்திருந்தாள். "ஸ்டார்ட் பண்ற அந்த அரை நிமிஷம் இழுக்குறதையும் தாங்கணும், நாள் பூரா ஓடுறதையும் தாங்கணும். ரெண்டும் வேற வேற கணக்கு. இது ரெண்டாவதுக்கே பத்தாது" என்றாள். அவன் உள்ளே போய்ப் பெரியதாக எடுத்து வந்தான். அதன்பின் விலையைக்கூட அவளிடம்தான் சொன்னான், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வாங்கினோம், மூன்றுக்கும் சிவப்புக் குமிழ். ஒன்று எஞ்சின் பேட்டரிக்கு, ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும், நடுவில் ஒன்று ஆபத்துக்கு மட்டும் இரண்டையும் சேர்க்க. நீ எஞ்சின் மேல் குப்புறப் படுத்துக் கையை விடுவாயே, அந்த இடம் இல்லை. படிக்குப் பக்கத்தில், நின்றபடியே எட்டும் உயரத்தில். பேட்டரிப் பெட்டிக்குள் வைக்கலாமே என்று கேட்டேன். அங்கே வாயு சேரும், ஒரு பொறி போதும் என்றாள். அவற்றைப் பதிக்கும் பலகைக்குக் குளியலறை அலமாரியின் பழைய கதவை அறுத்தேன். அது நீலம்! படகுக்கு ஆகாத நீலமா என்று ட்ரீனா அலறினாள், இரண்டு பூச்சு வெள்ளை அடித்த பிறகுதான் உள்ளே கொண்டுபோக விட்டாள். உன் பெண்தான், சந்தேகமே வேண்டாம்.

கேபிள் முனைகளைச் சுத்தியலால் நசுக்கலாம் என்றேன், நீ அப்படித்தானே செய்வாய். அவள் அதற்கென்று இருக்கும் கருவியைக் கடன் வாங்கி வந்தாள். யாரிடம் என்று இப்போது கேட்காதே.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. தொட்டதும் எஞ்சின் கிளம்பியது. மூன்று குமிழையும் அணைத்துவிட்டு வந்து மீன் கட்லெட் பொரித்துச் சாப்பிட்டோம். அன்றிரவு உன்னைவிடப் பெரிய ஆள் நான்தான் என்ற நினைப்போடு தூங்கினேன்.

இனி வருவதை எழுத எனக்கு மனமில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்க நான் யானையும் இல்லை.

ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும்போது ஆல்டன் கோரம் கதவைத் தட்டினான். ஆம், உன் கூண்டுகளின் மேல் கூண்டு போட்டான் என்று ஒன்பது வருடமாக நீ பேசாத அதே ஆல்டன். கருவியும் அவனுடையதுதான். "மார்லீன், உன் படகு பின்னாடி உக்காந்துட்டு இருக்கு. தண்ணி குடிச்சிருக்கு. ஓடி வா" என்றான். கோயில் உடுப்போடு ஓடினேன். தளப்பலகை வரை தண்ணீர். விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் பக்கம் சொட்டுவது உனக்குத் தெரியும், அதோடு ராத்திரி பூரா மழை. தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் ஓடவே இல்லை.

தவறு என்னுடையது. பேட்டரி முனையில் ஒரு மெல்லிய கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் எதையும் ஒழுங்கு செய்யாமல் இருக்க முடியாதே, அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் குமிழுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன். அது பம்ப்புக்குப் போகும் கம்பி. ஸ்விட்சை அணைத்தாலும் பம்ப் ஓட வேண்டும் என்றுதான் நீ அதைத் தனியாக விட்டிருந்தாய். உன் வேலையில் உருப்படியாக இருந்த ஒன்றை நான் கெடுத்தேன்.

ட்ரீனா கத்தவில்லை. குமிழைத் திருப்பிப் பம்ப்பை ஓடவிட்டு, கம்பியை விரலால் பிடித்துக்கொண்டே போனாள், ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தாள். பழையபடி நேராக இணைத்து, அதற்கு ஒரு ஃபியூஸும் போட்டாள். பிறகு படகிலுள்ள ஒவ்வொரு கம்பியையும் மூன்று மணி நேரம் சரிபார்த்தாள். ஆல்டன் போகும்போது என்னிடம், "வெண்டலா இருந்தா இன்னேரம் கடல், வானம், நான்னு எல்லாரையும் திட்டி முடிச்சிருப்பான். இவ கூட நான் கடலுக்குப் போவேன்" என்றான். அவன் சொன்னது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன்.

தண்ணீர் புகுந்ததை உனக்குச் சொல்ல வேண்டாம், முதலில் கையெழுத்து வரட்டும் என்றுதான் நான் நினைத்தேன். ட்ரீனா ஒப்பவில்லை. "சொல்லிரும்மா. மறைச்சு வாங்குற கையெழுத்து எனக்கு வேணாம். அப்பா வேணாம்னா நான் கூண்டை எல்லாம் கரையிலயே வெச்சிடுறேன்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். ஒரே தட்டை நாலு தரம் கழுவினாள், வெண்டல்.

வசந்தத்தில் நீ கடலுக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்போ பாக்கலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், கையெழுத்துப் போடு. அவளுக்காகப் போட முடியாவிட்டால் எனக்காகப் போடு. முப்பதாம் தேதி விடிந்ததும் ஊர்ப் படகெல்லாம் கிளம்பிப் போன பிறகு, காலியான துறையில் ஒன்று மட்டும் கட்டிக் கிடப்பதைச் சமையலறை ஜன்னலில் நின்று பார்க்க என்னால் ஆகாது. கடலோடியாக இருந்த ஒருவன் படுத்துக் கிடப்பதைப் பார்த்ததே இந்த வருடத்துக்கு எனக்குப் போதும்.

கடவுள் உன் நெஞ்சைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உறைக்குள் பேனாவும் வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
மார்லீன்