வாசலில் நின்ற பொம்மை

திருவொற்றியூர்,
ஆகஸ்ட் 11

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் மகள் ஜெமிமாவும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மருமகனும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் எனக்குக் கோபம் வந்துவிடும்; அதனால் கடிதம்.

இத்துடன் பள்ளிக்கூடத்துத் தாள் ஒன்று இருக்கிறது. பெற்றோருக்கு அனுப்பச் சொல்லித்தான் தந்தார்கள். ஒன்பது நாள் சாத்தாங்காட்டு இரும்புக் கடை மேஜைக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

ஜெமிமா வகுப்பில் தொட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறாளாம். ஆலோசகர் அம்மா ஒருவர் அவளிடம் பொம்மைகளைக் கொடுத்து, பாதிக் கதை சொல்லி, மீதியை அவளையே நடத்திக்காட்டச் சொல்லியிருக்கிறார். பாப்பா பாலைக் கொட்டிவிட்டது, பிறகு? பாப்பாவுக்கு முழங்காலில் அடி, பிறகு? இப்படி ஐந்து கதை. வீட்டு மனிதர்கள் பிள்ளை மனதில் எப்படி இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடுமாம். ஐந்திலும் பாப்பா பொம்மை வாசலுக்கு வெளியே போய் நின்றது. அடிபட்ட கதையிலும். தாத்தா பொம்மை உள்ளே முழங்காலிட்டு ஜெபம் செய்தது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இரும்பு வியாபாரமும் இங்கிலீஷும் நானாகக் கற்றுக்கொண்டவை. பொம்மையை வைத்து என்னை எடைபோட நீங்கள் யார் என்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். பிள்ளைமேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. தப்புச் செய்தவர் மன்னிப்புக் கேட்கும்வரை வாசலில் நிற்கவேண்டும், பிறகே மாலை ஜெபத்தில் உட்காரலாம். இது நம் வீட்டு ஒழுங்கு. நீயும் நின்றவள்தான். கெட்டா போனாய்?

சமைக்க வரும் ராஜாத்தியிடம் நியாயம் கேட்டேன். "தப்பு பண்ணா நிக்கட்டும் பெருசு. அடிபட்டதுக்கு இன்னாத்துக்கு வெளிய போய் நிக்குது? அத்த சொல்லு மொதல்ல" என்றாள்.

நேற்று பிள்ளைக்குக் காய்ச்சல். ஜெபத்துக்குப் பாய் விரித்துவிட்டுத் திரும்பினால், போர்வையோடு வாசலில் நிற்கிறாள். என்ன செய்தாய் என்றேன். "காய்ச்சல் வந்துடுச்சு தாத்தா, சாரி" என்றாள். தூக்கிவந்து படுக்கவைத்தேன். ஜெபம் சொல்லாமலே பாயைச் சுருட்டி வைத்தேன்.

நீ ஏன் அவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டாய் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பிள்ளை உங்களோடு இருப்பது நல்லது என்று தாளில் எழுதியிருக்கிறது. அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஜெமிமாவின் பாஸ்போர்ட்டுக்கு உங்கள் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். அந்தப் படிவமும் உள்ளே இருக்கிறது. இன்று காய்ச்சல் இல்லை, இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு மகளே. தாமதித்தால் என் மனம் மாறிவிடும்.

அப்பா,
தேவப்பிரியம்